நட்டில் மூன்று சுற்று

எருத்தேம்பதி
ஆவணி 3 (19.8.2025)

சூரியநெல்லி சம்பந்தி சங்கையா அவர்களுக்கு எருத்தேம்பதி மாரப்பன் சொல்லி எழுதுவது.

எழுதுகிறவன் எங்கள் பால் சொசைட்டியில் எழுத்து வேலை பார்க்கும் கந்தப்பன். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறானா என்று இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உறையை ஒட்ட விடுவேன். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேசினேன். "கேக்கல, சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டீர்கள். காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை.

ஆடிக்கு அழைத்து வந்த மகளை ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். கோமதியை நான் இன்னும் அனுப்பவில்லை. உங்கள் மகன் லோகேஷ் மாப்பிள்ளை தினமும் அவளிடம் காரணம் கேட்கிறார். அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

தை இருபத்திமூன்றாம் தேதி, கல்யாணத்துக்கு முதல் நாள், சீராகக் கொடுக்க வாங்கிய கார் வாசலுக்கு வந்தது. முன்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். என்ஜினை ஒட்டி நத்தைக் கூடு மாதிரி ஒன்று இருந்தது. "இதுதானுங்க டர்போ. வண்டிக்குத் தெம்பே இதுதான்" என்றார் கொண்டுவந்தவர். அதிலிருந்து ஒரு கம்பி போகிறது. கம்பியில் ஒரு நட்டு. நட்டில் பாதியும் கம்பியில் பாதியுமாக மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. பூட்டுக்கு மேல் வைத்த சீல் போல.

ஆடி இரண்டாம் தேதி மாப்பிள்ளை அதே காரில் கோமதியைக் கொண்டுவந்து விட்டார். காரையும் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினார். இங்கே கார் ஓட்டுகிறவன் என் மகன் நவீன்குமார் ஒருவன்தான், அவனிடம் சொந்த வண்டி இருக்கிறது. பிறகு எதற்கு விட்டுப் போனார்? அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை. தையில் எங்கள் வாய்க்கால் மேட்டில் அந்தக் கார் ஏறினால் முதுகு சீட்டில் ஒட்டும். ஆடியில் ஒட்டவில்லை. ஆடி இருபதிலிருந்து ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. மேட்டில் மிதித்தால் தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டுவது போல.

கொழிஞ்சாம்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சதீஷ் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தான். "பூஸ்ட் கம்மியா இருக்குதுங்க. டர்போவுல ஆரோ கை வெச்சிருக்காங்க" என்றான். குனிந்து பார்த்தேன். மஞ்சள் பொட்டு உடைந்து, பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாக நிற்கிறது.

முப்பத்தாறு வருஷம் டீ ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள். உங்கள் வீட்டில் வேறு யாருக்கு அந்த நட்டைத் தொடத் தெரியும்? நல்ல டர்போவைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினீர்களா? நேராகக் கேட்கிறேன். நேராகப் பதில் வராமல் என் மகள் மலை ஏற மாட்டாள்.

இந்த வாரம் எல்லா மெஷினும் சேர்ந்து என்னை ஏமாற்றுகின்றன. தோப்பில் புல் வெட்டும் மெஷினும் நேற்று இறுகி நின்றுவிட்டது. அது அதை ஓட்டுகிற அப்புசாமியின் கைவேலை. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாரப்பன்


சூரியநெல்லி
23.8.2025

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி குருவம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். 'பழையதை மாட்டினீர்களா' என்ற இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அந்த மனுசன் வண்டிக்காகப் பிள்ளைய நிறுத்தி வச்சிருக்காரா, பிள்ளைக்காக வண்டிய நிறுத்தி வச்சிருக்காரா? அதக் கேட்டு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அன்று சிக்னல் இல்லாதது உண்மை. இங்கே மழைக்குக் கரண்டு போனால் டவரும் போய்விடும். இருந்திருந்தாலும் வைத்திருப்பேன். நீங்கள் பேசிய குரல் அப்படி.

டர்போ அதேதான். அதைக் கழற்ற வேண்டுமென்றால் சூடு தின்று துருவேறிய நட்டுகளை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடியை அடியில் பிடித்து நீங்களே பாருங்கள். துரு உடையாமல் இருந்தால் என்னைத் திருடன் என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள்.

மஞ்சள் பொட்டை உடைத்தது நான். சித்திரை மாதம் அந்த நட்டை மூன்று சுற்றுத் தளர்த்தினேன். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். என்ஜின் விடும் புகை அந்த நத்தைக் கூட்டுக்குள் ஒரு காற்றாடியைச் சுற்றும். காற்றாடி வெளிக்காற்றை என்ஜினுக்குள் திணிக்கும். திணிப்பு அதிகமாகிவிடாமல் இருக்க உங்கள் வாய்க்கால் மதகு போல ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் கம்பிதான் கதவைப் பிடித்திருக்கிறது. மூன்று சுற்றுத் தளர்த்தினால் மதகு சீக்கிரம் திறக்கும், திணிப்பு குறையும், இழுவை குறையும். சதீஷின் கம்ப்யூட்டர் சொன்னது அதுதான். தெரிந்தே செய்தேன். ஏன் செய்தேன் என்பது எங்கள் வீட்டு விஷயம்.

புளியங்கொட்டைச் சத்தம் மட்டும் என் கணக்கில் வராது. அது நாக்கிங். எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் பெட்ரோல் உள்ளே தானாக வெடிக்கிறது. திணிப்பைக் குறைத்தால் நாக்கிங் குறைய வேண்டுமே தவிர, கூடக் கூடாது. காலையில் முதல் தடவை எடுக்கும்போதே வருகிறதா, சூடான பிறகா? நிற்கும்போது உண்டா? புகை என்ன நிறம்? பெட்ரோல் எங்கே போட்டீர்கள்? தேதியோடு எழுதுங்கள். உங்கள் ஞாபகத்தைப் பற்றி உங்கள் மகள் நிறையச் சொல்லியிருக்கிறாள்.

என் மனதில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். ஆடி இரண்டில் சத்தமில்லாமல் வந்த வண்டி ஆடி இருபதில் சத்தம் போடுகிறது. நடுவில் அது நின்றது உங்கள் வாசலில். மலைக்காரனுக்குப் பெண் கொடுக்க உங்களுக்கு மனமில்லை என்பது கல்யாணப் பந்தியிலேயே தெரிந்தது. பெண்ணை அனுப்பாமல் இருக்க ஒரு சத்தம் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

கோமதிக்கு ஓட்டலில் லீவு செப்டம்பர் பதினான்கோடு முடிகிறது. பதினைந்தாம் தேதி அவள் வேலையில் நிற்க வேண்டும்.

சங்கையா


எருத்தேம்பதி
ஆவணி 12 (28.8.2025)

சம்பந்திக்கு,

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துரு உடையவில்லை. அந்த வரியை அடிக்கச் சொல்கிறீர்கள். காகிதம் உங்களிடம் இருக்கிறது, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டதற்குப் பதில். சத்தம் காலையில் இல்லை. சூடேறி, மேட்டில் மிதித்தால் மட்டும் வரும். நிற்கும்போது இல்லை. புகை லேசான நீலம், ஆடிக்கு முன் அது கிடையாது. ஆடி பன்னிரண்டில் நவீன்குமார் ஆனைமலைக் கோயிலுக்கு ஓட்டிப் போனான், சத்தமில்லை. ஆடி பதினைந்தில் சித்தூர் போனோம், சத்தமில்லை. ஆடி இருபது, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வெயிலில் முதல் சத்தம்.

பெட்ரோல் ஊற்றியது நான். எந்த பங்க்கிலும் நான் குழாயை நம்பி வண்டியை நிறுத்துவதில்லை. கோபாலபுரத்துக்குப் போய் என் கண்ணெதிரே கேனில் பிடித்து வருவேன். இரண்டு கறுப்புக் கேன். கைப்பிடியில் கயிறு கட்டியது வண்டிகளுக்கு. கயிறு இல்லாதது புல் மெஷினுக்கு, அதில் ஆயில் கலந்து வைத்திருப்பேன். எழுத்து தெரியாதவனுக்கு அடையாளம்தான் எழுத்து. மகள் வண்டி காலித் தொட்டியோடு நிற்கக் கூடாது என்று ஆடி பத்தொன்பது சாயங்காலம் கயிறு கட்டிய கேன் முழுவதையும் காரில் ஊற்றினேன். என் அடையாளம் இதுவரை தப்பியதில்லை. ஆகவே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி நான் கேட்கிறேன்.

காரின் முன்பக்கம், இடது ஓரம், மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுத்திருக்கிறது. அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கோமதியின் இடது முழங்கையில், உள்பக்கமாக, கட்டைவிரல் நீளத்துக்குத் தழும்பு. தையல் போட்ட தழும்பு. தையில் அது இல்லை. வளையல் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். இதென்ன என்று கேட்டால், "கதவு இடிச்சிருச்சுங்கய்யா" என்கிறாள். எந்தக் கதவு என்று கேட்டேன். முதல் நாள் இரும்புக் கதவு என்றாள். மூன்றாம் நாள் குளியலறைக் கதவு என்றாள். உங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தகரக் கதவு. கல்யாணம் பேச வந்தபோது பார்த்திருக்கிறேன்.

டர்போவை நான் எதற்கு இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். சித்திரையில் நட்டைத் தளர்த்தினீர்கள். சித்திரையில் ஏதோ நடந்திருக்கிறது. மாப்பிள்ளை குடித்துவிட்டு ஓட்டினாரா? இல்லை, அது வண்டியிலேயே பட்டதில்லையா? பெண்ணைப் பெற்றவனுக்கு எந்தப் பக்கம் யோசித்தாலும் தூக்கம் வரவில்லை.

வீட்டு விஷயம் என்று மறுபடி எழுதாதீர்கள். அவள் என் வீடும்தான்.

மாரப்பன்


சூரியநெல்லி
1.9.2025

சம்பந்திக்கு,

என் மகன் குடிப்பதில்லை என்று நான் எழுதினால் நம்பமாட்டீர்கள். அவன் அவள்மேல் கை வைத்ததில்லை என்று எழுதினாலும் நம்பமாட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் நம்பமாட்டேன். நானும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன்தான்.

நடந்ததை நான் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாருக்குக் கொடுத்தேனோ அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கதவைப் பற்றிக் கேட்காதீர்கள். 'சித்திரை ஒன்பதாம் தேதி ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தது' என்று கேளுங்கள். கேட்கும்போது சத்தம் போடாதீர்கள். இதற்கு மேல் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

இனி வண்டி. அந்தப் பக்கம் போகாதே என்றீர்கள், அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் முதல் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. கோபத்தில் அதை விட்டுவிட்டேன். நேற்று மறுபடி படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். புல் வெட்டும் மெஷின் இறுகிவிட்டது என்றீர்கள். அந்த மாதிரி மெஷினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து கொடுக்கும் ஆயில்தான் அதற்கு உயிர். ஆயில் இல்லாத பெட்ரோலைக் குடித்தால் சூடாகி இறுகிவிடும். காருக்கோ நேர்மாறு. ஆயில் கலந்த பெட்ரோலைக் குடித்தால் அதன் தரம் குறையும், முன்னதாக வெடிக்கும், நீலப் புகை விடும், உங்கள் புளியங்கொட்டை உருளும். உங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் ஒரு மெஷினுக்கு ஆயில் கிடைக்கவில்லை, இன்னொரு மெஷினுக்கு வேண்டாத ஆயில் கிடைத்திருக்கிறது. அப்புசாமியை விடுங்கள். கேன்களைப் பாருங்கள்.

என்னை நம்ப வேண்டாம், காகிதத்தை நம்புங்கள். அடுப்புக்குத் தூரமாக, வெளியே வைத்து, வெள்ளைக் காகிதத்தில் ஒவ்வொரு கேனின் அடியில் இருப்பதிலிருந்தும் ஒரு சொட்டு விடுங்கள். வெறும் பெட்ரோல் காய்ந்தால் இடம் தெரியாமல் போகும். ஆயில் இருந்தால் வளையம் நிற்கும்.

கேனில் கயிறு இருக்கலாம். கயிற்றைக் கட்டியது யார், எப்போது என்பதையும் யோசியுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

சங்கையா


எருத்தேம்பதி
ஆவணி 19 (4.9.2025)

சம்பந்திக்கு,

சொட்டு விட்டேன். முடிவு பிறகு.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். நீங்கள் அந்த நட்டைத் தளர்த்தாமல் இருந்து, வண்டி முழுத் தெம்போடு இருந்து, அந்தத் தொட்டியில் ஆயில் கலந்த பெட்ரோல் இருந்து, அதில் கோமதி மலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவளிடம் நீங்கள் சொன்னபடி இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்பதை எழுத வேண்டாம் என்றேன். திரும்பப் படித்தபோது கந்தப்பன் அதையும் எழுதியிருக்கிறான். இருக்கட்டும்.

மாரப்பன்


சூரியநெல்லி
8.9.2025

சம்பந்திக்கு,

ஓணம் விடுமுறையில் தபால் தேங்கி இன்றுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

முழுத் திணிப்போடு, அந்தப் பெட்ரோலோடு, மறையூரிலிருந்து மூணாறு வரை ஏறியிருந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருக்கலாம். வளைவில் வண்டி செத்து நின்றிருக்கும். பின்னால் டூரிஸ்ட் பஸ் வந்திருக்கும். மற்றதை நான் எழுதவில்லை. திணிப்பு குறைவாக இருந்ததால் வெறும் சத்தத்தோடு போயிற்று. நான் அதற்காகச் செய்யவில்லை. அந்தப் பெருமையை எனக்குத் தர வேண்டாம்.

நீங்கள் கேள்வி கேட்ட விதத்திலேயே காகிதத்தில் வளையம் விழுந்தது தெரிகிறது. எந்தக் கேன் என்றும் தெரிகிறது. குருவம்மாள், "பாவம், விடுங்க" என்கிறாள். நான் விடுவதாக இல்லை. நீங்களே எழுத வேண்டும்.

சதீஷை விட்டுத் தொட்டியைச் சுத்தமாக வடிக்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றிக் கரியை எடுக்கட்டும். புதுப் பெட்ரோலைக் குழாயிலிருந்து நேராகப் போடுங்கள்.

பதினைந்தாம் தேதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

சங்கையா


எருத்தேம்பதி
ஆவணி 26 (11.9.2025)

சம்பந்தி அவர்களுக்கு,

இதைக் கந்தப்பன் எழுதவில்லை. கோமதி எழுதுகிறாள். கையெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் வளையம் கயிறு கட்டிய கேனின் சொட்டு. ஒரு வாரமாக அப்படியே நிற்கிறது. பக்கத்தில் மற்றக் கேனிலிருந்தும் ஒன்று விட்டேன். அதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

அடையாளம் எப்படித் தப்பியது என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். எனக்கு மறதி கிடையாது. யோசித்தால் வந்துவிடும், அதுதான் தொந்தரவு. ஆடிப் பதினெட்டன்று கோமதிக்குப் புளியமரத்தில் தூரி கட்டினோம். ஆடி நோம்பிக்கு வந்த பெண் ஊஞ்சல் ஆடாமல் போகக் கூடாது. பலகை நழுவிக்கொண்டே இருந்தது. இறுக்கிக் கட்ட ஒரு முழக் கயிறு வேண்டியிருந்தது. கேனிலிருந்து அவிழ்த்துக் கட்டினேன். பொழுது சாய்ந்து அவள் இறங்கியதும் பலகையிலிருந்து அவிழ்த்துக் கேனில் திரும்பக் கட்டினேன். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நிறை. எது கைக்கு எட்டியதோ அதில் கட்டினேன். கட்டியது இந்தக் கை. மறுநாள் காரில் ஊற்றியதும் இந்தக் கை.

மெஷினைக் கெடுத்துவிட்டாய் என்று அப்புசாமியைப் பத்துப் பேர் முன்னால் பேசியிருந்தேன். முந்தாநாள் அதே பத்துப் பேரையும் நிறுத்தி வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அட உடுங்க. நானுங்கூட என்ற கைவேலைதான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றான். அதுதான் எனக்கு உறைத்தது. செய்யாதவனையே செய்ததாக நம்ப வைத்திருக்கிறேன். உங்களை அப்படி நம்ப வைக்க முடியவில்லை. அது வரைக்கும் நல்லது.

கோமதி சொன்னாள். தூரிப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, காலால் மண்ணைக் கிளறியபடி சொன்னாள். சித்திரை ஒன்பது, தூறல், பெரியகானல் வளைவு. ஓட்டியது அவள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போன ஜீப்பைத் தாண்ட மிதித்தாளாம். வண்டி உடனே வரவில்லையாம். ஒரு மூச்சு கழித்து மொத்தமாக வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் மண்திட்டில் முட்டியதாம். முன்கண்ணாடி உடைந்து முழங்கையைக் கிழித்தது. "எங்கய்யனுக்குத் தெரிஞ்சா சாவிய வாங்கி வெச்சுக்குவாருங்க மாமா" என்று உங்களிடம் அழுதிருக்கிறாள்.

வாங்கி வைத்திருப்பேன். அவள் ஏழாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்தாள், மறுநாளே சைக்கிளை வீட்டை விட்டு அனுப்பினேன். அதை நான் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அவள் மறக்கவில்லை என்பதை யோசிக்கவில்லை. நீங்கள் சாவியை வாங்கவில்லை. மூன்று சுற்றுத் தளர்த்தினீர்கள். திருடன் என்று நான் எழுதிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. என்னால் அது முடிந்திருக்காது.

மாப்பிள்ளை காரை எதற்கு இங்கே விட்டுப் போனார் என்பதும் இப்போது தெரிகிறது. திரும்பி வரும்போது இவளே ஓட்டி வர வேண்டும் என்பது இவர்களின் திட்டம். எனக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் திட்டம் நின்றுபோயிருக்கிறது.

சதீஷ் தொட்டியை வடித்து, பிளக்குகளைத் துடைத்து மாட்டினான். பெட்ரோலைக் குழாயிலிருந்து நேராகப் போட்டோம், நான் திரும்பி நின்றுகொண்டேன். வாய்க்கால் மேட்டில் சத்தம் இல்லை. முதுகும் சீட்டில் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்படுகிறோம். ஓட்டுவது இவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். வெயில் சாய்வதற்குள் உங்கள் வாசலில் இருப்போம். சம்பந்தியம்மாளிடம் சொல்லுங்கள், வண்டியையும் நிறுத்தி வைக்கவில்லை, பிள்ளையையும் நிறுத்தி வைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. மாமா அந்த நட்டைப் பழையபடி முறுக்கித் தந்துவிடுவார் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முறுக்காதீர்கள். இவள் கேட்பாள், மாப்பிள்ளையை விட்டும் கேட்கச் சொல்வாள். இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதன்மேல் நட்டில் பாதி, கம்பியில் பாதியாகப் புதிதாக ஒரு மஞ்சள் பொட்டு வைத்துவிடுங்கள். வரும்போதெல்லாம் நான் மூடியைத் திறந்து பார்ப்பேன்.

மேலே உள்ளதைச் சொன்னபோது இவள் பேனாவை மூடி, மறுபடி திறந்தாள். பிறகு, "எழுதிட்டனுங்கய்யா" என்றாள். படித்தும் காட்டினாள், நான் சொன்னபடிதான் இருந்தது. இருந்தாலும் உறையை ஒட்டுவதற்கு முன்னால் கந்தப்பனைக் கூப்பிட்டு இன்னொரு முறை படிக்கச் சொல்லப் போகிறேன்.

மாரப்பன்